விளக்கொளிப் படத்தைப் பார்த்து வரைந்து ஆயில் பெயின்டிங் கற்க முடியுமா?

கேள்வி, 7 ஜனவரி 2024

அக்கா, மூன்று மாதமாக வீடியோ பார்த்து ஆயிலில் ஆப்பிள், குடம், ரோஜா என்று வரைந்துகொண்டிருக்கிறேன். பெரிய ஓவியர் ஒருவருடைய படத்தை எடுத்து அப்படியே வரைந்து பார்த்தால் நிறைய பிடிபடும் என்கிறார்கள். என் நண்பன், அது வெறும் காப்பி, கைதான் பழகும், கண் பழகாது என்கிறான். எது சரி?

8 ஜனவரி

நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கட்டம் போட்டு, திரையில் தெரியும் கலரைப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில் வைத்துக்கொண்டே போனால் கை மட்டும்தான் பழகும். மீதிப் பாதியைப் பற்றிக் கருத்து சொல்வதைவிட, நானே இப்போது ஒரு படத்தைத் தொடங்கியிருப்பதால், நடப்பதை இங்கே எழுதிவருகிறேன்.

படம் ஜார்ஜ் தெ லா தூர் வரைந்தது. பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதிக்காரர், 1593-இல் பிறந்து 1652-இல் இறந்தவர். ஒரு பெண் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பைபிளில் வரும் மகதலா மரியாள். ஒரு கை தாடையில், இன்னொரு கை மடியில் இருக்கும் மண்டையோட்டின் மேல். மேஜையில் இரண்டு புத்தகம், மரச் சிலுவை, கயிற்றுச் சாட்டை, ஒரு கண்ணாடிக் குவளையில் எண்ணெய் விட்டு எரியும் திரி. சுடர் நீளமாக எழுந்து நுனியில் புகைகிறது. அவ்வளவுதான் படம். இதே மரியாளை அவர் பல தடவை வரைந்திருக்கிறார், பாரிஸின் லூவர் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது, நான் எடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸில் இருப்பது. 1635–37 வாக்கில் வரைந்தது. உயரம் 117 செ.மீ., அகலம் 92 செ.மீ.

ஏன் இது என்றால், டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டாவது மாடி என்பதால் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. மெழுகுவத்தி முதல் நாளே தீர்ந்துவிட்டது. அம்மா கண்ணாடி டம்ளரில் முக்கால் தண்ணீர் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விட்டு, திரியை மிதக்கவிட்டு ஏற்றினாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, தண்ணீர் எப்போது வடியும் என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பென்சிலில் முயன்றேன், வரவில்லை. இந்தப் படத்தைப் பார்த்ததும் இதை வரையத் தெரிந்தால் அதையும் வரையலாம் என்று தோன்றியது.

9 ஜனவரி

அளவு பற்றிக் கேட்டவருக்கு: கடையில் கிடைத்த கேன்வாஸ் 18 அங்குலம், 24 அங்குலம். அசலின் விகிதத்துக்கு 18-க்கு 23 வர வேண்டும். அடியில் ஒரு அங்குலத்தைக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டேன். அதைச் செய்யாமல் படத்தை இழுத்து நிரப்பினால் அவளுடைய கழுத்து நீண்டுவிடும். லூவரில் உட்கார்ந்து காப்பி எடுக்கிறவர்களை அசல் அளவிலேயே வரைய விடமாட்டார்கள். நாம் வீட்டில் வரைகிறோம், அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் சிறிதாக வரைவதுதான் முதல் தடவைக்கு நல்லது.

13 ஜனவரி

பெரியப்பாவிடம் போய் வந்தேன். அவர் எண்பதுகளில் மவுண்ட் ரோடு தியேட்டர்களுக்கு சினிமா பேனர் வரைந்தவர். ஃபிளெக்ஸ் வந்தபிறகு பிரஷைக் கீழே வைத்தவர், இப்போது பெரம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அரையடி ஸ்டில்லை இருபதடி முகமாக்குகிற ஆட்களுக்குக் கட்டம் போடுவது தண்ணி பட்ட பாடு. நூலில் நீலப் பொடி தேய்த்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு, நேர்கோடு விழுந்துவிடும். கேன்வாஸில் இரண்டு அங்குலக் கட்டமாக அவரே அடித்துக் கொடுத்தார்.

போனில் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா, இதுல வெளிச்சம் எத்தன எடத்துல இருக்கு, எண்ணிச் சொல்லு" என்றார். முகத்தின் ஓரம், தோள், சட்டைக் கை, முன்கை, மண்டையோட்டின் உச்சி, முழங்கால், புத்தகத்தின் விளிம்பு என்று எண்ணினேன். "மிச்சமெல்லாம்?" என்றார். மிச்சமெல்லாம் இருட்டு. "அப்ப மொதல்ல அத வர."

14 ஜனவரி

நேற்று அவசரத்தில் விட்டது: பேனருக்கு அவர்கள் பயன்படுத்தியது டியூப் இல்லை, பவுடர் கலரை ஆளி விதை எண்ணெயில் குழைத்தது. நம் ஆயில் டியூபில் இருப்பதும் அடிப்படையில் அதுதான்.

17 ஜனவரி

பொங்கல் லீவில் முதல் தளம் முடிந்தது. பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்புக் கலரை டர்பன்டைனில் டீ மாதிரி கரைத்துக் கேன்வாஸ் முழுக்கப் பூசி, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். வெள்ளைக் கேன்வாஸ் போய்ப் பழுப்பாகிவிட்டது. அது காய்ந்தபிறகு மேலே இன்னும் கொஞ்சம் கெட்டியாக அம்பரைப் பூசி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் துணியை விரலில் சுற்றித் துடைத்து எடுத்தேன். தோளைத் துடைத்ததும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இன்னும் ஒரு கோடு கூடப் போடவில்லை. கட்டம் எல்லாம் எதற்கு அடித்தோம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கையின் முழங்கை தப்பான இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் கட்டத்தின் அருமை தெரிந்தது.

24 ஜனவரி

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன், கறுப்பு டியூபை வாங்காதீர்கள். பின்னணிக்கு ஐவரி பிளாக் பூசினேன், காய்ந்ததும் கரும்பலகை மாதிரி செத்துப்போய் நரைத்துக் கிடக்கிறது. படத்தில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கிறது. அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் வரும் இருட்டு எவ்வளவோ மேல்.

(இதை நம்பி யாரும் கறுப்பைத் தூக்கிப் போட வேண்டாம், பிப்ரவரி 11 குறிப்பையும் படியுங்கள்.)

28 ஜனவரி

"ஏன் வெளிநாட்டுப் படம், ரவி வர்மா வரைந்த விளக்கேந்திய பெண் இருக்கிறதே" என்று கேட்டிருந்தார் ஒருவர். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் படத்தைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அது ரவி வர்மா வரைந்தது இல்லை, எஸ்.எல். ஹல்தங்கர் வரைந்தது. பலரும் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ரவி வர்மா 1906-இலேயே காலமாகிவிட்டார், இந்தப் படம் 1940-களில் வந்தது. விளக்கைப் பிடித்து நின்றது ஹல்தங்கரின் மகள்.

அதைவிட முக்கியமானது, அது வாட்டர் கலர். வாட்டர் கலரில் சுடருக்கான வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளை. முதலிலேயே அந்த இடத்தைத் தொடாமல் காப்பாற்றி வைத்துச் சுற்றிலும் இருட்டை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஆயிலில் இருட்டிலிருந்து கிளம்பி வெளிச்சத்தைக் கடைசியில் கெட்டியாக வைக்கிறோம். போகிற திசையே நேர் எதிர். அற்புதமான படம், மைசூர் போனால் அதன் முன்னால் அரைமணி நேரம் நில்லுங்கள். ஆயில் டெக்னிக் கற்க மட்டும் அதை எடுக்காதீர்கள்.

தம்பி, ரவி வர்மாவைப் பற்றி உங்கள் நண்பரிடம் சொல்ல இன்னொன்று உண்டு. திருவாங்கூர் அரண்மனைக்கு 1868-இல் தியோடர் ஜென்சன் என்கிற ஐரோப்பிய ஓவியர் வந்தபோது, அவர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் ரவி வர்மாவுக்கு அனுமதி கிடைத்தது, ஜென்சன் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஐந்தே வருடத்தில், 1873-இல், நம் மெட்ராஸில் நடந்த கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார். பார்த்துக் கற்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

4 பிப்ரவரி

அம்மாவுக்கு மண்டையோடு பிடிக்கவில்லை. கூடத்தில் வைத்து வரைகிறேன், வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அத அங்க வச்சிருக்க" என்கிறாள். சரி என்று மண்டையோட்டுக்குப் பதிலாகப் பித்தளைச் சொம்பை வைத்தேன். வீட்டுச் சொம்பையே விளக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கவனமாக வரைந்தது.

படம் கெட்டுப்போய்விட்டது. இரண்டு நாள் எனக்குக் காரணம் புரியவில்லை. சொம்பு நன்றாகவே வந்திருந்தது, அதுதான் பிரச்சனை. பித்தளை சுடரை அப்படியே வாங்கி ஒரு கூரான வெள்ளைப் புள்ளியாகத் திருப்பி அடிக்கிறது. கண் நேராக அங்கே போகிறது, முகத்துக்கு வரவே மாட்டேன் என்கிறது. எலும்பு அப்படி இல்லை, வெளிச்சத்தை வாங்கி மெதுவாகப் பரப்புகிறது, அதன் மேல் கிடக்கிற விரல்கள்தான் முதலில் தெரிகின்றன. லா தூர் அதை மரணத்தின் அடையாளமாக வைத்தார் என்பது ஊரறிந்த விஷயம். அது ஒரு பளபளப்பில்லாத உருண்டையாக அந்த இடத்தில் செய்கிற வேலை, மாற்றிப் பார்த்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு மண் கலயத்தை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் சம்மதம், படத்துக்கும் சம்மதம்.

11 பிப்ரவரி

கறுப்பைப் பற்றி நான் சொன்னது தப்பு. பெரியப்பா பார்த்துவிட்டு, "கறுப்பு என்ன பண்ணுச்சு, எண்ணெயக் கேன்வாஸ் குடிச்சிருச்சும்மா" என்றார். நான் வாங்கிய ரெடிமேட் கேன்வாஸில் அடிப்பூச்சு மெல்லிசு. மேலே பூசிய கலரிலிருந்து எண்ணெயைக் கீழே இழுத்துக்கொண்டது, மேலே வெறும் தூள் நின்றதுபோல் மங்கிவிட்டது. ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, துணியில் ஒரு சொட்டுத் தொட்டு அந்த இடத்தில் தேய்த்து, உடனே வேறு துணியால் ஒற்றி எடுத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நரை போய் ஆழமான இருட்டு எழுந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் எலும்பைக் கரியாக்கிச் செய்த கறுப்பைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். இன்று ஐவரி பிளாக் என்று டியூபில் வருவதும் எலும்புக் கரிதான்.

கறுப்பின் மேல் ஒரு குறை மட்டும் நிற்கிறது: அது காய்வதற்கு ரொம்ப நாள் எடுக்கும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் எனக்கு ஒரே இரவில் காய்ந்துவிடுகிறது. கறுப்பு எட்டாவது நாளும் விரலில் ஒட்டியது. ஆயில் கலர் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது, அதனால் ஃபேன் போட்டுக் காயவைக்கலாம் என்று யோசிப்பவர்கள் பிரஷைக் கழுவிவிட்டுப் பொறுமையாக இருங்கள். காயாத கறுப்பின் மேல் சீக்கிரம் காய்கிற கலரைப் பூசினால் பின்னால் வெடிக்கும். இருட்டுப் பகுதி முழுக்க அம்பரை அதிகமாகவும் கறுப்பைக் கொஞ்சமாகவும் கலந்து இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்.

25 பிப்ரவரி

ஆபீஸ் விட்டு வந்து ராத்திரியில்தான் வரைகிறேன், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில். விளக்கொளிப் படம்தானே, அந்த வெளிச்சமே பொருத்தம் என்று நினைத்துவிட்டேன். இன்று ஞாயிறு, பகலில் பால்கனிக்கு எடுத்துப் போனால் முகம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் இருக்கிறது. மஞ்சள் பல்பின் கீழே மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரிகின்றன, நான் யெல்லோ ஆக்கரை அள்ளிப் போட்டிருக்கிறேன். மூன்று வார வேலை. வெள்ளை பல்பு மாற்றியாகிவிட்டது, முகத்தை மறுபடி வரைய வேண்டும்.

3 மார்ச்

முகத்துக்கு நான் எடுத்த கலர்கள்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர், லைட் ரெட், ரா அம்பர். நான்குதான்.

10 மார்ச்

சமையலறையில் லைட்டை அணைத்துவிட்டு அதே டம்ளர் விளக்கை ஏற்றி, பக்கத்தில் என் கையை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கையைச் சுடரிலிருந்து அரை அடியில் வைத்தால் கோடுகோடாக ரேகை தெரிகிறது. ஒரு அடிக்குத் தள்ளினால் வெளிச்சம் கால்வாசியாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இதைச் சூத்திரமாகப் படித்திருக்கிறேன், கையில் விழுந்து பார்த்ததில்லை. நான் முழங்காலைத் தோளுக்குச் சமமான வெளிச்சத்தில் வரைந்து வைத்திருந்தேன். படத்தில் அப்படி இல்லை. திரையில் நூறு தடவை பார்த்தும் என் கண்ணில் படாதது, டம்ளர் விளக்கு காட்டிக்கொடுத்த பிறகு பட்டது.

அப்புறம் விரல்களைச் சுடருக்கும் கண்ணுக்கும் நடுவில் கொண்டுவந்தால் ஓரங்கள் உள்ளேயிருந்து சிவக்கின்றன, ரத்தம் தெரிகிறது. லூவரில் இருக்கும் லா தூரின் தச்சர் சூசை (இயேசுவின் வளர்ப்பு அப்பா) படத்தில், சின்ன இயேசு மெழுகுவத்தியைக் கையால் மறைத்திருப்பார், விரல் வழியாக வெளிச்சம் வரும். அந்த மனிதரும் எங்கோ இருட்டறையில் இப்படிக் கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தம்பி, உங்கள் நண்பருடைய கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இப்போதைக்கு இது: படம் ஒரு பக்கம், நிஜ விளக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புரியாததை இன்னொன்றில் போய்ப் பார்க்கலாம்.

31 மார்ச்

மரியாளுடைய பாவாடையின் சிவப்பு. கீழே லைட் ரெட்டில் மடிப்புகளை முழுக்க வரைந்து, அது நன்றாகக் காய்ந்தபிறகு மேலே அலிசரின் கிரிம்சனை எண்ணெயில் கரைத்து மெல்லிய படலமாக ஓட்டினேன். இதைத்தான் கிளேஸ் என்கிறார்கள். கீழேயுள்ள சிவப்பிலிருந்து வெளிச்சம் படலம் வழியாகத் திரும்பி வருவதால், டியூபில் எங்கேயும் கிடைக்காத ஒரு சிவப்பு கிடைக்கிறது.

ஆசையில் எண்ணெயைக் கூட்டிவிட்டேன். நாலாம் நாள் பாலாடை மாதிரி மேலே சுருக்கம் விழுந்துவிட்டது. மேல்தோல் முதலில் இறுகி, அடியில் ஈரம் நின்றால் இப்படி ஆகும். சுரண்டி, துடைத்து, இரண்டு வாரம் சும்மா வைத்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கொஞ்சம் அதிகம் என்கிற விதி தெரியும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் தெரியாமல் இருந்தது. பத்துச் சொட்டு கலவையில் எண்ணெய் மூன்று சொட்டு போதும் என்பது இப்போதைய என் கணக்கு.

21 ஏப்ரல்

சுடரை வைத்தேன். கடைசி வரை தள்ளிப்போட்டது. டைட்டானியம் ஒயிட்டில் நெல்முனை அளவு மஞ்சள், எண்ணெய் சேர்க்காமல், பிரஷ் நுனியில் எடுத்துக் கீழேயிருந்து மேலே ஒரே இழுப்பு. படத்தில் கெட்டியான கலர் அது ஒன்றுதான், தொட்டால் கைக்குத் தட்டுப்படும். இருட்டெல்லாம் கேன்வாஸின் நெசவு தெரிகிற அளவு மெல்லிசு. சுடருக்கு ஒட்டியிருக்கும் பின்னணியை முழுக் கறுப்பாக விட்டால் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது. அங்கே ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குப் பழுப்பு கலந்து இளக்கினேன், நிஜ விளக்கிலும் அப்படித்தான் இருந்தது. புகை: காய்ந்த பிரஷில் இருந்த மிச்சக் கலரை மேல்நோக்கி ஒரு தடவு தடவியது.

வெளிச்சம் படுகிற பக்கம் முகத்தின் ஓரக்கோடு கத்தி மாதிரி இருக்கிறது, மறுபக்கம் கூந்தல் எங்கே முடிந்து இருட்டு எங்கே தொடங்குகிறது என்று லா தூர் சொல்லவே இல்லை. நான் மூன்று மாதம் அந்தக் கூந்தலுக்கு ஓரம் வரைந்துகொண்டிருந்தேன். இன்று அதை விரலால் தேய்த்துக் கலைத்தேன்.

6 மே

முக்கியமானது, கவனமாகப் படியுங்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போட்டு வைக்காதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு வெளியாகிறது, குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நேற்று பால்கனி வாளியில் கிடந்த துணி மூட்டையில் கை வைத்தேன், நிழலில் இருந்தும் நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது. உடனே தண்ணீரில் முக்கினேன். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள், அல்லது தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

19 மே

படம் முடிந்தது என்று சொல்லலாம். வார்னிஷ் இப்போது இல்லை, குறைந்தது ஆறு மாதம் போக வேண்டும், மழைக்காலம் கழிந்து ஜனவரியில் பார்ப்பேன். ஈரம் நிறைந்த நவம்பரில் கேன்வாஸ் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சுவரோடு ஒட்டி மாட்டாமல், பின்னால் இரண்டு கார்க் துண்டு வைத்து இடைவெளி விட்டிருக்கிறேன்.

போனில் கறுப்பு வெள்ளையாக்கி அசலையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்கை இன்னும் வெளிச்சம் கூடத்தான். முகம் சரி. கலயம் சரி.

2 ஜூன்

லா தூரின் பெயரே அவர் இறந்தபிறகு மறைந்துவிட்டது, படங்களை வேறு யார் யார் கணக்கிலோ எழுதிவைத்திருந்தார்கள், 1915-இல் ஹெர்மன் ஃபோஸ் என்கிற ஜெர்மன் ஆய்வாளர்தான் இரண்டு படங்களை வைத்து மீட்கத் தொடங்கினார் என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பேனர் ஒன்று கூட இன்று இல்லை, படம் மாறியதும் அதே துணியில் வெள்ளை அடித்து அடுத்த படம் வரைவார்களாம். கொஞ்ச நேரம் கழித்து, என் படத்தைக் கூடத்தின் எதிர்ச் சுவரிலிருந்து பார்த்துவிட்டு, "தூரத்துலேர்ந்து நிக்குது" என்றார்.

9 ஜூன்

தம்பி படம் போட்டிருந்தார், பார்த்தேன். மெழுகுவத்தியும் குடமும். குடத்தின் நிழல் ஓரம் குடத்துக்குப் பக்கத்தில் கூர்மையாகவும் தள்ளிப் போகப் போக இளகியும் இருக்கிறது, அதை வீடியோவில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். பின்னணி நரைத்திருப்பது எண்ணெய் உறிஞ்சியதுதான், பிப்ரவரி 11-இல் எழுதியதைச் செய்யுங்கள்.

நான் புதுக் கேன்வாஸுக்கு அம்பர் பூசி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அடிப்பூச்சை நானே மூன்று கை அடித்தேன். எதிரில் படம் கிடையாது, டம்ளர் விளக்கும் அம்மாவும் மட்டும். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டாயிற்று. எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று கேட்டாள். டம்ளரில் எண்ணெய் தீரும் வரை என்றேன். போய் அவளே எண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டு வந்தாள், மூன்று கரண்டி.